பேஷண்ட் பார்ட்டி

ஆஸ்பத்திரியில் நடக்கிற மர்மக்கதை என்றால் எனக்கு உயிர். ஆஸ்பத்திரி என்றால் அந்த உயிர் தொண்டைக்கு வந்துவிடும். இந்த இரண்டு குணத்தையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு கல்கத்தா அலிப்பூரில் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

அலிப்பூரின் பூகோளம் அப்படி. வீட்டைவிட்டு இறங்கி நேஷனல் லைப்ரரி பக்கம் திரும்பினால் பிர்லா இதய ஆஸ்பத்திரி. டயமண்ட் ஹார்பர் ரோடுக்குப் போனால் சி.எம்.ஆர்.ஐ. அலிப்பூர் ரோடில் வுட்லண்ட்ஸும் கோத்தாரியும். பட்டாளத்துக்காரர்களுக்கென்று தனியாகக் கமாண்ட் ஆஸ்பத்திரி. வீடு காட்டிய தரகர் தண்ணீர் வருமா, காற்று வருமா என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. “தாதா, இங்கே ஹார்ட் அட்டாக் வந்தால் நடந்தே போய்விடலாம்” என்றார். வசதிதான் என்று என் மனைவி முன்பணம் கொடுத்தாள். எனக்கு அது ஜோசியம் மாதிரி கேட்டது.

போன வருஷம் வரை இங்கே இருக்கிற வானிலை ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மழைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மழையை அளக்கிறவர்களுக்குப் பயணப்படி போடுவது என் வேலை. அது தெரிந்தும் தெருவில் பார்க்கிறவர்கள் “நாளைக்கு மழை உண்டா?” என்று கேட்பார்கள். “வாய்ப்பு இருக்கிறது” என்பேன். பிற்பாடு ஒரு டாக்டர் என் நெஞ்சைப் பற்றி அதே வார்த்தையைச் சொன்னபோதுதான், கேட்டவர்கள் ஏன் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார்கள் என்று விளங்கியது.

கெட்ட பழக்கம் கல்லூரியில் தொற்றியது. சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே அட்டை கிழிந்த ‘கோமா’ ஒன்று வாங்கினேன். ராபின் குக் என்கிற கண் டாக்டர் எழுதி 1977-இல் வெளிவந்த நாவல். பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முட்டி ஆபரேஷன் மாதிரி சில்லறைக் காரியத்துக்கு வருகிற வாலிப வயசுக்காரர்கள் மயக்க மருந்துக்குப் பிறகு கண் விழிப்பதே இல்லை. எல்லாரும் எட்டாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள். சூசன் வீலர் என்று ஒரு மருத்துவ மாணவி, “அதென்ன எட்டாம் நம்பர்?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான். மீதிக் கதை முழுக்க அந்தக் கேள்வியை அவள் துரத்துகிறாள், அவளை வேறு யாரோ துரத்துகிறார்கள். மறு வருஷமே மைக்கேல் கிரைட்டன் அதைப் படமாக எடுத்தார். அவரும் ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்தவர்தான். ஆக்சிஜன் குழாயில் என்ன வந்தது, வில்லன் யார் என்று சொல்ல மாட்டேன். படிக்காதவர் வயிற்றெரிச்சல் எனக்கு வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து எட்டு எனக்கு ஆகாத எண். வீட்டு நம்பரில் எட்டு வந்தால்கூடத் தாண்டிப் போய்விடுவேன். நியூமராலஜி பார்க்கிறேன் என்று என் மாமியார் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆர்தர் ஹெய்லி, ராபின் குக்கின் மிச்ச சொச்சம், ரயிலுக்கு ரயில் வாங்கிய மாத நாவல்கள். நம் மாத நாவல்களில் ஐ.சி.யூ.வுக்குள் யார் வேண்டுமானாலும் தாடி ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடலாம். நிஜ ஐ.சி.யூ.வுக்கு என் மனைவி தயிர்சாத டப்பாவோடு போனால் வாசல் செக்யூரிட்டி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துத் திருப்பி அனுப்புகிறார். கொலைகாரர்கள் சாப்பாடு கொண்டுபோகாததால் தப்பிக்கிறார்கள் போலும்.

என் மாமியாருக்கு இந்த வகைக் கதை மேல் மரியாதை கிடையாது. அவர் மதுரைக்காரர். “என்ன பெரிய சஸ்பென்ஸு மாப்ளே? நெஞ்சில் ஓர் ஆலயத்தை விடவா?” என்பார். ஸ்ரீதர் 1962-இல் எடுத்த படம். கிட்டத்தட்டக் கதை முழுக்க ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. புற்றுநோயோடு வந்து படுத்திருக்கிறார் முத்துராமன். கூட வந்திருக்கிற மனைவி தேவிகா. ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் கல்யாண்குமார், தேவிகாவின் பழைய காதலர். கத்தி இப்போது டாக்டர் கையில். அவர் கை நடுங்குமா, நடுங்காதா? அத்தை சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஒரு கொலைகூட இல்லாமல் தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம் இந்திக்காரர்களும் அதே கட்டிலைப் போட்டுப் படம் எடுத்தார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து ‘என்னை அறிந்தால்’, ‘காக்கிச் சட்டை’ என்று 2015-இல் வரிசையாக உறுப்புத் திருட்டுப் படங்கள் வந்தன. அதற்கு முன்பே 2006-இல் ஏழைகள் உடம்பில் மருந்துச் சோதனை நடத்துகிற டாக்டரை ‘ஈ’ காட்டிவிட்டது. இதையெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பட்டப்பெயர் விழுந்த காலம் ஒன்று இருந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகு மூளைச்சாவு என்று அறிவிக்க நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். ‘கோமா’வின் வில்லன் இங்கே வந்தால் நாலு கையெழுத்து வாங்குவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவான்.

அதே சட்டத்தின் கீழேதான் தமிழ்நாட்டின் நிஜ சஸ்பென்ஸும் நடந்தது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயத்தை, டாக்டர்களான அவன் பெற்றோரே முன்வந்து கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் சாலையைத் திறந்துவிட, பதினோரு நிமிஷத்தில் அது போய்ச் சேர்ந்தது. மதுரைப் பேருந்து நிலைய வாசலைக் கடக்கவே அதற்கு மேல் ஆகும். அந்த மாதிரி ஓட்டத்தை வைத்து முதலில் மலையாளத்தில் படம் வந்தது. அப்புறம் 2013-இல் ‘சென்னையில் ஒரு நாள்’. அதில் வில்லன் டிராபிக்தான். ஆனாலும் நகம் கடிக்க வைத்தது.

ஆக, கொலை இல்லாமலும் ஆஸ்பத்திரிக் கதை ஓடுகிறது. அப்படியானால் நான் எதற்காகப் படிக்கிறேன்? இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். யோசித்த இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரவேற்பறை நாற்காலி.

நான் கேள்வி கேட்கிற ஜாதி. லேக் மார்க்கெட்டில் ஒரு முருங்கைக்காய் வாங்குவதற்குள் அது எங்கே விளைந்தது, எப்போது பறித்தது, ஏன் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று கேட்டுக் கடைக்காரனை அழவைத்துவிடுவேன். காஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்ப்பேன். பிளம்பர் தலைக்கு மேல் நின்றுகொண்டு ஸ்பேனரைப் பற்றி அவனுக்கே வகுப்பெடுப்பேன். அப்பேர்ப்பட்ட நான் ஆஸ்பத்திரியில் காலை வைத்ததும் ஊமை. வாட்ச்சைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறேன், மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறேன். பின்பக்கம் நாடா கட்டுகிற ஒரு அங்கியைக் கொடுத்து மாட்டச் சொன்னால், முதுகு திறந்திருக்கிறதே என்றுகூடக் கேட்காமல் மாட்டிக்கொள்கிறேன். நாலு பக்கத் தாளை நீட்டினால் எங்கே பெருக்கல் குறி இருக்கிறதோ அங்கே கையெழுத்து. படித்துப் பார்ப்பது டாக்டரை அவமதிப்பதாகும் என்று எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரோ தெரியவில்லை.

கட்டிலின் காலடியில் ஒரு கோப்பு தொங்குகிறது. என்னைப் பற்றிய கோப்பு. என் பேர், என் வயசு, என் ரத்தம், என் சிறுநீர். கை நீட்டினால் எட்டும். நான் தொட மாட்டேன். நர்ஸ் பார்த்தால் என்ன நினைப்பார்? சூசன் வீலர் மாதிரி ஆட்கள் அங்கேதான் என் மனதைக் கொள்ளை கொள்கிறார்கள். அவள் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்பதில்லை. கோப்பைப் புரட்டுகிறாள், பூட்டிய அறையைத் திறக்கிறாள், பெரிய டாக்டரை மடக்கிக் கேட்கிறாள். நான் கேட்காத கேள்வியையெல்லாம் எனக்குப் பதிலாகக் கேட்கிறாள். அதற்குத்தான் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறேன். கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாக விளக்குவது கூடுதல் சுகம். நிஜத்தில் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் அறைக்குள் நுழைந்து, “பாலோ?”, அதாவது நலமா, என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் லூச்சியும் ஆலூர் தொம்மும். பக்கத்துக் கல்யாணத்திலிருந்து வந்த கோஷா மாங்ஷோ. அதை வீணாக்கக் கூடாது என்று அதற்கு மேல் ஒரு மிஷ்டி தொய். படுக்கையில் ‘கோமா’வை மறுபடி எடுத்தேன். நடுநிசிக்கு மேல் சூசன் பிண அறைக்குள் ஒளிகிற நேரத்தில் எனக்கு நெஞ்சில் சுருக் என்றது.

“ஏங்க, வாயுதான். எழுந்து நாலு நடை நடங்க” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

நடந்தேன். மிருகக்காட்சிச் சாலைப் பக்கமிருந்து ஏதோ ஒன்று உறுமியது. 1876-லிருந்து அங்கே இருக்கிற கூட்டம். அகால வேளையில் குரல் கொடுப்பது அவற்றின் உரிமை. ஆனால் அன்றைக்கு அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதே மிருகக்காட்சிச் சாலையில் அத்வைதா என்று ஒரு ஆமை 2006 வரை உயிரோடு இருந்தது. இருநூறு வயசுக்கு மேல் என்பார்கள். அது இலை தழையைத் தின்றது, ராத்திரியில் நாவல் படிக்கவில்லை.

வங்காளத்தில் ஒருவனுக்கு நெஞ்சு வலித்தால் அது தனிமனித விவகாரமல்ல. லிப்ட் கீழே இறங்குவதற்குள் நாலு மாடியிலும் விளக்கு எரிந்துவிட்டது. முதல் ஆளாக மங்கி கேப் போட்டுக்கொண்டு வந்தவர் மேல்வீட்டு மேஷோமோஷாய், ஓய்வு பெற்ற வக்கீல். அலிப்பூர் கோர்ட்டில் காலம் தள்ளியவர். என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, “அம்போல்” என்று தீர்ப்புச் சொன்னார். கையோடு ஜெலுசிலும் வைத்திருந்தார். ஆனால் நடந்தே போகிற தூரத்தில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும்போது போகாமல் இருப்பது பேட்டைக்கே கௌரவக் குறைச்சல் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மாங்ஷோவின் மேல்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருகிறவர்களுக்குப் பேஷண்ட் பார்ட்டி என்று பெயர். என் பார்ட்டியில் மனைவி, மேஷோமோஷாய், அவருடைய மருமகன், எதிர்வீட்டு இரண்டு பையன்கள், விஷயம் தெரியாமல் கூட வந்துவிட்ட இஸ்திரிக்காரர். ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார் செக்யூரிட்டி. மனைவி கவுண்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த சமயத்தில், வக்கீல் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார் மேஷோமோஷாய். நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர்களோடு நான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர்.

“கிச்சு ஹோபே நா” என்று கையைத் தட்டிக் கொடுத்தார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அடுத்து, நோயாளி மனசு தளராமல் இருக்க ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், என் கஷ்டகாலம். “இந்தியாவிலேயே நல்ல ஆஸ்பத்திரி மர்டர் எங்கே நடந்தது தெரியுமா? இதோ, நம் அலிப்பூரில்!” என்றார்.

சொன்னது பொய்யில்லை. 1908, ஆகஸ்ட் 31. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தர் உட்பட ஏகப்பட்ட பேர் அலிப்பூர் சிறையில் இருக்கிறார்கள். அவர்களில் நரேன் கோஸ்வாமி அப்ரூவர் ஆகிவிடுகிறான். அவனைப் பாதுகாப்பாகத் தனியே வைத்துவிட்டார்கள். கிட்டே போவது எப்படி? சத்யேந்திரநாத் போஸ் உடம்பு சரியில்லை என்று சிறை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தானும் அப்ரூவர் ஆகத் தயார் என்று நரேனுக்குத் தூது விடுகிறார். கனாய்லால் தத்தா வயிற்று வலி என்று சொல்லி அதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார். காலையில் நரேன் அவர்களைப் பார்க்க வருகிறான். இருவர் கையிலும் துப்பாக்கி. சிறைக்குள் துப்பாக்கி எப்படி வந்தது என்பதற்கு இந்த ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். மேஷோமோஷாயிடம் மட்டும் மூன்று இருக்கிறது, மூன்றையும் சொன்னார். அந்த நவம்பரிலேயே கனாயையும் சத்யேனையும் தூக்கில் போட்டார்கள். அப்ரூவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமலே போனதால் அவன் வாக்குமூலம் செல்லாமல் போயிற்று. சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே மாதம் அரவிந்தர் விடுதலை. மறு வருஷம் அவர் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த கதைதான் நமக்குத் தெரியும். அதற்கு முந்தின அத்தியாயம் ஒரு வயிற்று வலி. என் வயிறும் அந்த நேரத்தில் கடகட என்றது. “கனாய்க்கு நடிப்பு. உங்களுக்கு அசல்” என்று திருப்தியோடு சொன்னார் மேஷோமோஷாய்.

டாக்டர் வந்தார். சின்னப் பையன். ஈ.சி.ஜி. பரவாயில்லை என்றார். டிரோப்போனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அதுவும் சரியாக இருக்கிறது. ஆனால் இதயத் தசைக்கு அடிபட்டிருந்தால் ரத்தத்தில் அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும், அதனால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை அப்சர்வேஷன். “அப்படியானால் எனக்கு ஹார்ட் அட்டாக்கா, இல்லையா?” என்று கேட்டேன். என் வாழ்நாளில் ஒரு டாக்டரிடம் நான் கேட்ட முதல் நேரடிக் கேள்வி. “வாய்ப்பு இருக்கிறது, ஆனால் குறைவு” என்றார். இப்படி ஒரு அத்தியாய முடிவை ராபின் குக்கே எழுதியதில்லை.

ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வருகிற நேரம் பார்த்து மேஷோமோஷாய் பாக்கூர் வழக்கை ஆரம்பித்தார். அதுவும் நடந்த கதை. 1933 நவம்பர் 26, ஹௌரா ரயில் நிலையம். பாக்கூர் ஜமீன் வாரிசு அமரேந்திர பாண்டே என்கிற இளைஞர் ரயிலேறப் போகிறார். கதர் உடுத்த ஒருவன் கூட்டத்தில் இடித்துவிட்டுப் போகிறான். கையில் சுருக் என்று ஏதோ குத்துகிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஊசி குத்தின தடம். சில நாளில் காய்ச்சல், டிசம்பர் 4-இல் மரணம். ஏற்கெனவே எடுத்திருந்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு அவர் போன பிறகு வந்து சேர்கிறது: பிளேக் கிருமி. சொத்துத் தகராறில் மாற்றாந்தாய் வழி அண்ணன் பினயேந்திராவும், தாராநாத் என்கிற டாக்டரும் பம்பாயிலிருந்து பிளேக் கிருமியைத் தருவித்து ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். இருவருக்கும் தூக்கு என்று கீழ்க்கோர்ட் சொன்னதை ஹைகோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. பிளேக் என்கிற வார்த்தையை மேஷோமோஷாய் சொல்லவும், ஊசி என் கையில் இறங்கவும் சரியாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் தன் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

படிவத்தை முடித்துவிட்டு உள்ளே வந்த மனைவியிடம் நான் தைரியத்துக்காகத் தமிழில் பேசினேன். ஒருவருக்கும் புரியாத மொழி, சௌகரியம். “அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு கேளு. லேபிளைப் பார்த்து எழுதி வச்சுக்கோ. அந்த நர்ஸம்மா மூஞ்சியே சரியில்ல.”

நர்ஸம்மா பாட்டிலைத் தட்டிக்கொண்டே, “சும்மா உப்புத் தண்ணிதான் சார். எனக்கு ஊர் பாலக்காடு” என்றார்.

அதற்கு மேல் தூக்கம் எங்கே வரும்? மேஷோமோஷாயை ஒருவழியாக வெளியே அனுப்பினார்கள். போகிற போக்கில் ஒரு கடைசி ஊசியும் போட்டுவிட்டுத்தான் போனார். பக்கத்தில்தான் பி.ஜி. ஆஸ்பத்திரி. ரொனால்ட் ராஸ் 1898-இல் கொசு மூலமாக மலேரியா எப்படிப் பரவுகிறது என்பதைப் பறவைகளை வைத்து முடித்துக் காட்டிய இடம். அவருக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியைச் சுற்றி அமிதவ் கோஷ் 1995-இல் ‘தி கல்கட்டா குரோமோசோம்’ என்று ஒரு மர்ம நாவல் எழுதினார். அதில் ராஸின் தடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து காணாமல் போகிற ஆளின் பெயர் முருகன். “உங்கள் ஊர்க்காரர்!” என்று மேஷோமோஷாய் வாசலில் நின்று கத்தியது எனக்குக் கேட்டது. மறுநாள் இதைச் சொன்னபோது என் மாமியார், “நல்லவேளை, உங்களுக்கு முருகன்னு பேரு வைக்கல மாப்ளே. அதுல தப்பிச்சீங்க” என்றார்.

படுத்துக்கொண்டே பார்த்தால் ஆஸ்பத்திரி ராத்திரி வேறு மாதிரி இருக்கிறது. மானிட்டர் பச்சைக் கோடு போடுகிறது. யாரோ ஒரு தள்ளுவண்டியைத் தள்ளுகிறார்கள், அதன் ஒரு சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் போதவில்லை. ஆயா ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நோயாளி இருமினால் தூக்கத்திலேயே எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பவும் தூங்குகிறாள். சதி செய்ய யாருக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் சுஜாதாவின் ‘நகரம்’ ஞாபகத்துக்கு வந்தது. மூளைக்காய்ச்சல் வந்த பாப்பாத்தியை வள்ளியம்மாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் உடனே சேர்க்கச் சொல்லிவிடுகிறார். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை, ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டு, நாளைக்கு வா. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். விஷ ஊசி கிடையாது, எட்டாம் நம்பர் அறை கிடையாது, ஒருத்தர்கூடக் கெட்டவர் கிடையாது. எத்தனை ராபின் குக் படித்தும் வராத நடுக்கம் அந்தச் சில பக்கத்தில் வருகிறது. இந்த ஊரின் டாக்டர் சுபாஷ் முகர்ஜி கதையிலும் கத்தியைக் காணோம். 1978 அக்டோபர் 3-இல் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்தவர். நம்ப மறுத்த ஒரு விசாரணைக் கமிட்டி, கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு மாற்றல் உத்தரவு. 1981-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தபன் சின்ஹாவின் ‘ஏக் டாக்டர் கி மௌத்’ அவர் வாழ்க்கையின் நிழலில் எடுத்த படம். வில்லனாக நடிக்க ஒரு கோப்பே போதும் என்று அதைப் பார்த்தால் தெரியும். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டருக்கு நேர்ந்ததற்குப் பிறகு, ராத்திரி ஆஸ்பத்திரியை வைத்து எழுதப்பட்ட சில புத்தகங்களை அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டேன். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது.

காலையில் இரண்டாவது டிரோப்போனினும் சரியாக வந்தது. வாயு. என் மனைவி கண்ணைத் திறக்காமல் சொன்னதைத் திறந்த கண்ணோடு உறுதி செய்ய அத்தனை மெஷின் தேவைப்பட்டது. பையன் பெங்களூரிலிருந்து எடுத்துக் கொடுத்த இன்ஷூரன்ஸ் இருந்ததால் பணத்துக்குக் கவலையில்லை என்றான் போனில். டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னார்கள். அப்ரூவல் வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. வந்ததும் பாதித் தொகைக்குத்தான் வந்தது. மீதியைக் கட்டிவிட்டு அப்புறம் க்ளெய்ம் செய்துகொள்ளச் சொன்னார்கள். க்ளெய்முக்கு முழு கேஸ் ஷீட் நகல் வேண்டுமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் ஷீட்! தொங்கிக்கொண்டிருந்த அதே கோப்பு! மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஜன்னலில் விண்ணப்பம் கொடுத்தேன். கொடுக்க மாட்டார்கள், மழுப்புவார்கள், அப்போது சூசன் வீலராக மாறிவிடலாம் என்று ஒரு ஆசை. 2002-இல் மெடிக்கல் கவுன்சில் போட்ட விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுத்தாக வேண்டும் என்பதை மேஷோமோஷாயிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஜன்னலில் இருந்த பெண் ஒரு வார்த்தை பேசாமல், கட்டணத்தை வாங்கிக்கொண்டு, டீ ஆறுவதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்று பிரித்தேன்.

டாக்டர் எழுதியது எதுவும் படிக்க முடியவில்லை. நர்ஸ் எழுதியது அச்சு மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில்தான். தமிழில் இப்படி வரும்:

‘1.40: நோயாளி விழித்திருக்கிறார். நெஞ்சு வலி இல்லை என்கிறார். 2.15: நோயாளி விழித்திருக்கிறார். டிரிப்பில் என்ன என்று கேட்கிறார், சொல்லப்பட்டது. 2.30: மறுபடி கேட்கிறார், சொல்லப்பட்டது. 2.50: நோயாளி கட்டிலைவிட்டு இறங்கி ஆக்சிஜன் குழாயின் வாயை முகர்ந்து பார்த்தார். படுக்கச் சொல்லப்பட்டது. 3.20: எட்டாம் எண் ஆபரேஷன் தியேட்டர் எங்கே என்று வார்டுபாயிடம் விசாரிக்கிறார். ஏழுதான் உண்டு என்று சொல்லப்பட்டது. நோயாளி கலவரமடைந்தார். 3.35: நோயாளி நடைபாதையில் காணப்பட்டார். பூட்டிய அறைக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி வைக்கும் அறை. செக்யூரிட்டிக்குத் தகவல் தரப்பட்டது. 3.50: நோயாளியின் மனைவியை எழுப்பிக் கேட்டதில், வீட்டிலும் இப்படித்தான் என்றார்.’

இத்தனை வருஷம் படித்ததில் ராத்திரி வேளையில் நடைபாதையில் பதுங்கிப் போகிற ஆசாமியைப் பார்த்ததும் இவன்தான் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவையும் சொல்லிவிட்டேன்.

க்ளெய்முக்கு இரண்டு செட் வேண்டும் என்றதால் அலிப்பூர் கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தினமும் கொலை வழக்குக் குற்றப்பத்திரிகைகளை நகலெடுத்து நகலெடுத்து மரத்துப்போன பையன் அங்கே இருந்தான். மெஷினில் தாளை வைத்தவன் நிறுத்திவிட்டு வாசிக்க ஆரம்பித்தான். உதடு அசைந்தது. பின்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா அவசரம் அவசரம் என்று கத்தினார். அவன் காதில் விழவில்லை. துணி அறைக்கு வந்ததும் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான்.

“தார்போர், தாதா? அப்புறம் என்ன ஆச்சு?” என்றான், தாளைத் திருப்பிக்கொண்டே.

“அடுத்த பக்கம் பில்லு” என்றேன்.